முற்றத்தில் கழற்றிய எஞ்சின்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் அதன் வேகத்தையும் விலையையும், அதில் ஏறிச் சென்ற பெரியோரையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அவ்வண்டி பழுதுற்று நின்ற நாள்களைப் பற்றி எழுதியோர் சிலரே. இன்று நேயர்கள் முன் நான் எடுத்துக்கொண்ட பொருள், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையே கிடக்கும் மெல்லிய தகடு ஒன்றாகும். கராஜ்களில் அதனை ஹெட் காஸ்கட் என்பர். அதனை மாற்றுதல் இன்று பெரும் பணிமனையின் வேலை. ஆனால் ஒரு காலத்திலே, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான சந்துகளிலும் அவ்வேலை வீட்டு முற்றத்திலேயே நடைபெற்றது. அது ஏன் அவ்வாறு நடந்தது, பின்னர் ஏன் நின்றது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

எஞ்சினை அறியாதார்க்கு முதலில் ஒரு விளக்கம் வேண்டும். நம் பாடநூல்கள் சிலிண்டரை 'உருளை' என்றும் பிஸ்டனை 'முசலம்' என்றும் கூறும். முசலம் என்பது உலக்கை. அச்சொல்லை ஆக்கியோர் யாராயினும் நம் வீட்டு உரலையும் உலக்கையையும் மனத்திற் கொண்டே ஆக்கியிருத்தல் வேண்டும். ஆயினும் இவ்வுரலுக்கு ஒரு மூடி உண்டு. பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உலக்கை மேலெழுந்து நெருக்க, மூடியின் கீழ் அது தீப்பற்றி உலக்கையைக் கீழே தள்ளுகின்றது. இந்த மூடிதான் தலை. தலையினூடாக மூன்று பொருள்கள் ஒன்றையொன்று தீண்டாமல் இயங்க வேண்டும்: உருளைக்குள் நெருப்பு, அதனைச் சூழ்ந்த வழிகளில் குளிர்நீர், மேலே அசையும் உறுப்புகளுக்கு எண்ணெய். செம்புத் தகடுகளுக்கு நடுவே அஸ்பெஸ்டஸ் வைத்துச் செய்த காஸ்கட்டே இம்மூன்றையும் பிரித்துவைக்கும் வரம்பு. வரம்பு உடைந்தால் நீர் எண்ணெயிற் கலந்து பாற்கஞ்சி போலாகும். ரேடியேற்றரிற் குமிழிகள் எழும். புகைக்குழாய் வெண்புகை கக்கும். அடுத்தடுத்த இரண்டு உருளைகளுக்கு இடையில் உடைந்தால் இரண்டும் ஒருங்கே வலுவிழக்க, வண்டி நொண்டும்.

ஆதிக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் இத்தகைய வரம்பே இல்லை. உருளையும் தலையும் ஒரே வார்ப்பாக வார்க்கப்பட்டன. இணைப்பு இல்லாத இடத்தில் கசிவு ஏது? ஆனால் உள்ளே படிந்த கரியைச் சுரண்ட வேண்டுமாயின் உருளை முழுவதையுமே அடித்தளத்திலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டிலே ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் வெளியிட்ட 'மொடல் டி' வண்டியில் நான்கு உருளைகளும் ஒரே வார்ப்பாகவும், தலை மட்டும் தனியாகக் கழற்றக்கூடியதாகவும் அமைந்தன. பதினைந்து ஆணிகளைத் திருகி எடுத்தால் எஞ்சினின் உட்புறம் கண்முன் விரியும். 1927ஆம் ஆண்டுவரை ஒரு கோடியே ஐம்பது இலட்சம் வண்டிகள் அவ்வகையில் வெளிவந்தன. அமெரிக்கக் கமக்காரன் தன் களஞ்சியத்திலேயே வண்டியைத் திருத்திக்கொண்டான் என்றால், கழற்றக்கூடிய அந்தத் தலை அதற்கு ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து. திருத்துவதற்கு வழி திறந்தது. அந்த வழியாகவே புதியதொரு பழுதும் உள்ளே நுழைந்தது.

இலங்கையில் மோட்டார் வண்டி உடையோரின் சங்கம் 1904ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அக்காலத்து வண்டியுடையோர் பெரும்பாலும் செல்வர். வண்டியோடு சாரதியையும் வைத்திருந்தனர். எண்ணெய் படிந்த கை சாரதியுடையதே. நடுத்தர வகுப்பினர் வண்டி வாங்கத் தலைப்பட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட காலத்தில்தான். 1948இல் இங்கிலாந்தில் வெளியான மொறிஸ் மைனர், அக்காலத்து ஒஸ்ரின் ஏ-40 போன்ற சிறு வண்டிகள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. கொரியப் போரையொட்டி 1950, 1951ஆம் ஆண்டுகளில் இறப்பர் விலை ஏறியபோது நாட்டிற் காசு புழங்கியது. இலிகிதரும் ஆசிரியரும்கூடத் தவணைப் பணத்தில் வண்டி வாங்கும் கனவு கண்டனர். அந்நாளைய எஞ்சின்களில் விரைவிற் கரி படியும். எனவே சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை தலையைக் கழற்றிக் கரி சுரண்டி, வால்வுகளை அரைத்துப் பொருத்துதல் வழக்கமான பராமரிப்பு என்றே வண்டியோடு வந்த கைநூல்கள் கூறின. வண்டியுடையவனே அதனைச் செய்யலாம் என்ற எண்ணம் அந்நூல்களில் இழையோடியது. இக்காலத்து வண்டிக் கைநூல் கண்ணாடி துடைக்கும் நீரை எங்கே ஊற்றுவது என்பதற்கு மேல் நம்மை நம்புவதில்லை.

பின்னர் வந்தது தட்டுப்பாடு. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் ஏற்றுமதியால் ஈட்டிய அந்நியச் செலாவணி 1950களின் பிற்பகுதியில் வேகமாகக் கரைந்தது. 1960களின் தொடக்கத்திலே அரசாங்கம் இறக்குமதிகளை இறுகக் கட்டுப்படுத்தியது. மோட்டார்க் கார்கள் தடைப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. 1968இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தபின் உதிரிப் பாகங்களின் விலையும் உயர்ந்தது. 1970க்குப் பின் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் மேலும் ஓர் அடி. ஆகவே 1950களில் வந்திறங்கிய வண்டிகளே 1977வரை ஓடவேண்டியிருந்தன. புதியதை வாங்குதல் என்ற வழி அடைபட்டபோது பழையதைத் திறந்து பார்த்தல் என்ற வழி ஒன்றே எஞ்சியது.

அந்நாள்களில் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை ஒரு கல்விக்கூடமாகவே விளங்கியது. அக்கம் பக்கமாக நெருங்கிய கடைகளில், உடைத்துப் பிரித்த வண்டிகளின் உறுப்புகள் கம்பிகளிலே தொங்கும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் அங்கே வணிகம் செய்தனர்; ஒரு திருகாணியை மூன்று மொழியிலும் கேட்டு வாங்கலாம். வேலை தெரிந்த கைவினைஞரைப் 'பாஸ்' என்று அழைத்தனர். தலைவன் என்னும் பொருளுடைய ஒல்லாந்தச் சொல் அது. ஒல்லாந்தர் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான பின்னும், ஸ்பனர் பிடித்தவனுக்கு அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது.

1976ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையை நான் மறக்கவியலாது. எனக்கு அப்போது வயது பத்து. என் தந்தையார் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் இலிகிதர். தாயார் கொட்டாஞ்சேனையில் ஆசிரியை. காலையில் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டுத் தாயாரைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத் தந்தையார் அலுவலகம் திரும்புவார். வண்டி 1957இல் இறக்குமதியான மொறிஸ் மைனர். 948 கனசென்ரிமீற்றர் எஞ்சின். பங்குனி மாதம் முழுவதும் அது நீர் குடித்தது. கடலுக்கு அண்மையிலுள்ள எங்கள் கிணற்றின் உவர்நீரை ஆண்டாண்டாக ஊற்றியதால் ரேடியேற்றரின் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒருநாள் காலி வீதியில் நெரிசலில் நின்றபோது எஞ்சின் கொதித்தது. அன்று மாலை எண்ணெய் மூடியைத் திறந்த தந்தையார், அதன் உட்புறத்து வெண்ணிறக் களியைக் கண்டு நெடுநேரம் பேசாது நின்றார்.

கராஜுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வண்டியை விற்றால் இன்னொன்று வாங்க நாட்டிலேயே வண்டி இல்லை. இரண்டாம் தவணை தொடங்குமுன் வேலையை முடிக்க வேண்டும். மூன்று சனிக்கிழமைகள் பஞ்சிகாவத்தைக்கு நடந்த பின் தந்தையாருக்குப் புதிய காஸ்கட் ஒன்று கிடைத்தது. வளைந்தால் அது பயன்படாது என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். ஆகையால் அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் அது இரண்டு வாரம் கிடந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு முதிய பாஸ் முதல்நாள் மட்டும் வந்து வழிகாட்டினார். கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. என் தாயாரின் ஆங்கிலம் தந்தையாருடையதிலும் நன்று. ஆதலால் அவர் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு படியாக வாசிக்க, தந்தையார் செய்தார். நீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, காபரேற்றரையும் அதன் கிளைக்குழாய்களையும் எடுத்தனர். இந்த எஞ்சினிலே ஒரு சூட்சுமம் உண்டு. வால்வுகளை அசைக்கும் மேற்றண்டைத் தாங்கும் கால்களில் இறங்கும் நட்டுகளிற் சிலவே தலையையும் பிடித்திருக்கும். ஆகவே அவற்றை மட்டும் முதலில் இளக்கினால் தலை ஒருபக்கமாகக் கோணிவிடும். ஒன்பது நட்டுகளையும் முறைப்படி, சிறிது சிறிதாக இளக்க வேண்டும். எட்டுத் தள்ளுகம்பிகளையும் அட்டையொன்றிலே துளையிட்டு வரிசை மாறாமற் குத்திவைப்பது என் பொறுப்பு. வாழ்க்கையில் எனக்குத் தரப்பட்ட முதல் உத்தியோகம் அதுவே.

நட்டுகள் வந்தன, தலை வரவில்லை. பத்தொன்பது ஆண்டு இரும்போடு இரும்பு இறுகியிருந்தது. தந்தையார் உளியை எடுத்தார். பாஸ் அவர் கையைப் பிடித்தார். "அடிக்க வேண்டாம் ஐயா. உளி பட்ட இடத்தில் நாளைக்குத் தண்ணீர் ஒழுகும். எஞ்சினே தன் தலையைத் தூக்கட்டும்" என்றார். பிளக்குகளை மட்டும் இடத்தில் விட்டு, முன்புறத்துக் கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றச் செய்தார். மேற்றண்டு இல்லாமையால் வால்வுகள் யாவும் மூடியிருந்தன. உலக்கை நெருக்கிய காற்றுக்கு வேறு வழியில்லை. மூன்றாம் சுற்றில் 'புசு'க்கென்ற ஓசையோடு தலை பிடிப்பு விட்டது. அமுக்கப்பட்ட வாயு எப்பக்கமும் சமமாகத் தள்ளும் என்பதைப் பிற்காலத்தில் நான் பாடநூலிற் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

பழைய காஸ்கட்டில், இரண்டாம் மூன்றாம் உருளைகளுக்கு இடையே கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. உருக்கு அடிமட்டத்தைத் தலையின் அடிப்புறத்தில் நிறுத்தி, இடையில் மெல்லிய அளவுத் தகடுகளைச் செலுத்திப் பார்த்தபோது நடுவில் சற்றே வளைவு தெரிந்தது. பொறிமனையில் கொடுத்துச் சீவவேண்டிய வேலை. தந்தையார் தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றைச் சீமெந்துத் தரையிற் சமமாகப் படுக்கவைத்து, வால்வு அரைக்கும் பசையைப் பூசி, தலையை அதன்மேல் எட்டின் வடிவில் இழுத்து இழுத்துத் தேய்த்தார். இரண்டு நாள்கள் சென்றன. முழங்கால் வீங்கியது. எதிர்வீட்டுச் சிங்கள அன்பர், புகையிரதத் திணைக்களத்தில் பணிபுரிந்தவர், மாலைதோறும் வந்து மறுமுனையைப் பிடித்தார். அரைத்த மேற்பரப்பு முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக மாறியபோதுதான் நிறுத்தினர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் செல்லுதல் தகாது. பழைய காஸ்கட்டின் எச்சங்களைத் தந்தையார் கத்தியால் உலர்வாகச் சுரண்டினார், தூளை வாயால் ஊதினார், நானும் ஊதினேன். அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலிற் படிந்து பல பத்தாண்டுகளின் பின் புற்றுநோயை விளைக்கவல்லது என்பது அக்காலத்து ஆய்வாளர் அறிந்த செய்தியே. எங்கள் ஒழுங்கைக்கு அது வந்து சேரவில்லை. கைநூலும் கூறவில்லை.

இறுதிப் படி தலையை இறுக்குதல். நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கிச் செல்லும் வரிசையில், பல தடவையாக, நாற்பது அடி-றாத்தல் அளவுக்கு இறுக்க வேண்டும் என்று தாயார் வாசித்தார். அளவு காட்டும் ஸ்பனர் எங்கள் ஒழுங்கையில் எவரிடமும் இல்லை. கூடினால் ஆணி அறும், குறைந்தால் கசியும். தந்தையார் சிறிது யோசித்துவிட்டு, மீன் நிறுக்கும் விற்றராசு ஒன்றை இரவல் வாங்கி வரச் செய்தார். ஓரடி நீளமுள்ள ஸ்பனரின் நுனியில் அதனைக் கொளுவிச் செங்குத்தாக இழுத்தார். நாற்பது றாத்தல் என்று முள் காட்டியதும் நிறுத்தினார். ஓரடித் தூரத்தில் நாற்பது றாத்தல் விசை: கைநூல் கேட்டது அதுவே. ஒன்பது நட்டுக்கும் ஒவ்வொன்றாக நான் முள்ளைப் பார்த்துக் கூவினேன். பின்னர் வால்வு இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பன்னிரண்டு பங்காக வைத்து, நீரூற்றி, இயக்கினோம். இரவு ஒன்பது மணி இருக்கும். எஞ்சின் இருமி, நின்று, மறுபடி இருமி, ஓடத் தொடங்கியது. அம்மா கைநூலை மூடிவிட்டு அரிசி களையச் சென்றார். இரண்டாம் தவணையின் முதல்நாள் அவர் கொட்டாஞ்சேனைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதனைச் சொல்லும்போது அக்காலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பாணுக்கு வரிசையில் நின்றோர் பலர் இருந்த நாட்டில், பழைய வண்டி ஒன்றை வைத்திருத்தலே ஒரு பேறு. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் தலையைக் கோணலாக இறுக்கி வார்ப்பைப் பிளந்தார். அந்த வண்டி மாமரத்தடியில் பல ஆண்டு நின்று கோழிகளுக்கு உறைவிடமாயிற்று. திறமை தேவையினால் வந்தது. தேவை சிலருக்குத் திறமையைத் தராமல் நட்டத்தை மட்டுமே தந்தது. உலகின் வேறு பாகங்களிலும் இக்கதை நடந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அமெரிக்க வண்டிகளின் வரவு நின்ற கியூபாவில், அதற்கு முந்திய வண்டிகளை மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓட்டினர். நமக்கு இன்னும் அண்மையில், 1990களிற் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணத்தில், ஏ-40 வண்டிகளும் மொறிஸ் வண்டிகளும் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்றுப் பின் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்டும். கரியை மிகுதியாகப் படியச் செய்யும். தலையைக் கழற்றத் தெரிந்தவர்கள் இல்லாதிருப்பின் அந்த வண்டிகள் சில மாதங்களுக்கு மேல் ஓடியிரா.

கொழும்பில் வீட்டுமுற்றக் கலையை முடித்துவைத்தது 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரம். யப்பானிலிருந்து பாவித்த வண்டிகள் வந்து குவிந்தன. அவை கொதிப்பது அரிது. கரி சுரண்டும் தேவையும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல எஞ்சினின் தலை இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறியது. சூட்டில் அலுமினியம் இரும்பினும் மிகுதியாக விரிவதால் காஸ்கட் தாங்கவேண்டிய இழுபறியும் கூடியது. 1990களில் பல உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த காஸ்கட்டுகள் பரவின. அவை கண்ணாடிப் பலகையிற் தேய்த்த பரப்பை ஏற்பதில்லை. பொறியாற் சீவிய மிக வழுவழுப்பான பரப்பே அவற்றுக்கு வேண்டும். பல எஞ்சின்களில் தலை ஆணிகளை ஒருமுறை இறுக்கினால் அவை நீண்டுவிடும், மறுமுறை பயன்படா. இறுக்கும் அளவும் பாகையிற் சொல்லப்படுகிறது. மீன் நிறுக்கும் விற்றராசுக்கு அங்கே வேலையில்லை.

எங்கள் மைனர் யப்பானிய வண்டிக்குத் தோற்கவில்லை. 1983ஆம் ஆண்டு யூலையில் வெள்ளவத்தையிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த அந்த நாள்களில் அதுவும் எரிந்தது. அன்றிரவு எதிர்வீட்டு அன்பரின் பின்னறையில் இருந்தோம். பல நாள்களின் பின் தந்தையார் போய்ப் பார்த்தார். இருக்கைகளும் ரயர்களும் இருந்த இடம் தெரியவில்லை. எஞ்சின் மூடியை நெம்பித் திறந்தார். தலை இருந்தபடியே இருந்தது என்றும் ஒன்பது நட்டுகளையும் எண்ணிப் பார்த்தேன் என்றும் பின்னர் ஒருமுறை கூறினார். வேறொன்றும் கூறவில்லை.

உதிரிப் பாகத்துக்கு ஏங்கிய இந்நாடே பின்னர் மொறிஸ் மைனரின் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது என்பது பலர் அறியாத செய்தி. பாத் நகரில் அவ்வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவரும் இலங்கையர் தனபால சமரசேகரவும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் இங்கே ஒரு தொழிற்சாலை அமைத்தனர். தகடு அடிக்கவும் பொருத்தவும் இங்கே கைகள் இருந்தன. அக்கைகள் அவ்வண்டியை எங்கே பழகின என்பதை நான் மேலே சொன்னேன்.

2020ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025இலேதான் வழி திறந்தது. இடையில், 2022இல், பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். பழைய வண்டிகளின் விலை புதியவற்றின் விலையையும் தாண்டியது. ஆனால் என் ஒழுங்கையில் எவரும் எஞ்சினைத் திறக்கவில்லை. என் மாணவரிடம் இக்கதையைச் சொன்னபோது ஒருவன், "சேர், விற்றராசு சரியாகக் காட்டியது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மீன்காரரின் தராசு அது. எங்கள் பக்கம் சற்றுக் குறைத்தே காட்டியிருக்கவும் கூடும்.

அந்தக் கேள்வி மனத்திலிருக்க, சென்ற விடுமுறையில் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய பெயர்ப்பலகை தொங்கிய ஒரு கடையில் மொறிஸ் மைனரின் ஹெட் காஸ்கட் உண்டா என்று விசாரித்தேன். என்னைவிட இளையவரான கடைக்காரர் நிமிர்ந்தும் பாராமல், "தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டா, ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டா?" என்று கேட்டார். சொன்னேன். பரணிலிருந்து எடுத்துத் தந்தார். மேற்புறம் எது, முன்புறம் எது என்று குறிக்கும் ஆங்கில எழுத்துகள் அதில் அவ்வாறே பொறிக்கப்பட்டிருந்தன. உள்ளே அஸ்பெஸ்டஸ் இல்லை என்றார். வண்டி எந்த ஆண்டு என்று வினவினார். வண்டி இல்லை என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கொடுத்து, "வளைக்காமற் கொண்டு போங்கள், சேர்" என்றார்.